பந்து நகரவில்லை, கழுத்துதான் நகர்கிறது: வளரிளம் பருவ இடுப்பு மூட்டுக்கு ஒரு ஸ்க்ரூ

"பிள்ளைக்கு இடுப்புப் பந்து நழுவிடுச்சாம்" என்றுதான் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த வீட்டில் பேச்சு ஓடும். ஆஸ்பத்திரிச் சீட்டில் எஸ்.சி.எஃப்.இ. என்று எழுதியிருப்பார்கள். ஸ்லிப்டு கேப்பிடல் ஃபெமோரல் எபிஃபிசிஸ் என்பதன் சுருக்கம் அது. எலும்பு மருத்துவர்கள் தங்களுக்குள் ‘ஸ்லிப்’ என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். இந்தப் பெயர்கள் எல்லாமே ஒரே தவறான படத்தைத்தான் மனதில் பதிக்கின்றன. தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்து எங்கும் போவதில்லை. இடுப்புக் கிண்ணத்துக்குள் தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் கீழே இருக்கும் கழுத்துதான் முன்பக்கமாகவும் மேலாகவும் ஏறி, வெளிப்பக்கம் திருகிக்கொள்கிறது. கால் முழுவதும் அந்தக் கழுத்தோடு சேர்ந்து திரும்புவதால்தான் பாதம் வெளியே பார்த்தபடி பிள்ளை நொண்டுகிறது.

இந்தப் படத்தை முதலில் சரிசெய்துகொள்வது முக்கியம். சிகிச்சையின் மொத்தத் தர்க்கமும் இதில்தான் இருக்கிறது. பந்துக்கும் கழுத்துக்கும் நடுவில் இருப்பது வளர்ச்சித் தட்டு என்கிற குருத்தெலும்பு அடுக்கு. வளர்ச்சி முடியும்வரை கழுத்திலிருந்து இந்தத் தட்டைத் தாண்டி ரத்தம் பந்துக்குள் போகாது. பந்துக்கான ரத்தம் கிட்டத்தட்ட முழுவதும், கழுத்தின் பின்புறத்தில் மேல் விளிம்பை ஒட்டி ஏறும் சில மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் வருகிறது. நழுவல் மெதுவாக நடந்தால் குழாய்கள் புதிய நிலைக்குப் பழகிச் சுருங்கிக்கொள்ளும். கழுத்தின் பின்பக்கம் புது எலும்பும் முளைத்துவிடும். பல மாதங்களாக நழுவிய எலும்பை ஒரே இழுப்பில் பழைய இடத்துக்குக் கொண்டுபோனால், சுருங்கிப்போன குழாய்கள் அந்தப் புது எலும்பின் மேல் இழுபட்டு அடைபடும். பந்து செத்துப்போகும். மருத்துவர்கள் ஏ.வி.என். என்று சொல்வது இதைத்தான். பதின்மூன்று வயதில் பந்து செத்துவிட்டால் அதை மீட்கும் நல்ல வழி இன்றுவரை இல்லை.

ஆகவே நிலையான ஸ்லிப்புக்கான, அதாவது காலை ஊன்ற முடிகிற ஸ்லிப்புக்கான விதி ஒன்றுதான்: நழுவிய இடத்திலேயே நிறுத்து. எக்ஸ்ரேயில் அழகாக நேராகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படாதே.

முட்டி வலி என்று வருகிறவர்கள்

ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள்ளும், பெண் பிள்ளைகளுக்கு 10 முதல் 13 வயதுக்குள்ளும் இது வருகிறது. பெண்ணுக்கு மாதவிடாய் தொடங்கிய பிறகு அபூர்வம். திடீரென்று உயரம் கூடும் அந்த ஓரிரு ஆண்டுகளில் வளர்ச்சித் தட்டு தடித்து இளகியிருக்கும். கூடவே அது செங்குத்தாகச் சாய்கிறது. உடல் எடையும் அதிகம் என்றால் ஒவ்வொரு அடியும் கழுத்தை வழுக்கிவிடப் பார்க்கும்.

பலர் இடுப்பு வலி என்று வருவதே இல்லை. தொடையின் உள்பக்கமும் முட்டியும்தான் வலிக்கும். இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் போகும் நரம்பு ஒன்றே என்பதால் மூளை இடம் மாறிப் புரிந்துகொள்கிறது. முட்டி எக்ஸ்ரே நார்மல் என்று வரும். ‘வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்’ என்று ஒரு மாத்திரை, ஒரு நீ கேப். இப்படி இரண்டு மூன்று மாதம் போய்விடும். அந்த மாதங்களில்தான் பத்து டிகிரி நழுவல் ஐம்பதாகிறது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளை நொண்டிக்கொண்டு முட்டி வலி என்று சொன்னால், முட்டியோடு இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

படுக்க வைத்துச் செய்யும் ஒரு சோதனை கிட்டத்தட்ட விடையையே சொல்லிவிடும். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவிட்டு, ஒரு கையால் குதிகாலையும் மறுகையால் முட்டியையும் பிடித்துத் தொடையை மெதுவாக நெஞ்சை நோக்கி மடக்குங்கள். நல்ல காலில் முட்டி நேராக நெஞ்சுக்கு வரும். நழுவிய காலில் முட்டி அதே பக்கத்து அக்குளை நோக்கி விலகிப்போகும். தொடை தானாகவே வெளிப்பக்கம் உருளும். நேராகப் பிடிக்கப் பார்த்தால் தடுக்கும், பிள்ளை முகம் சுளிக்கும். ட்ரேமன் அடையாளம் என்பது இதுதான். வீட்டில் கவனிக்கிறவர்களுக்கும் இது வேறு உருவத்தில் தெரிந்திருக்கும்: தரைக் கழிப்பறையில் குந்தும்போது ஒரு முட்டி மட்டும் தனியாக வெளியே விரிந்து நிற்கும்.

எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பும் வர வேண்டும், இரண்டு கோணத்திலும் வர வேண்டும். நேர்ப்படம் ஒன்று, காலைத் தவளைபோல விரித்த படம் இன்னொன்று. தொடக்க நிலை நழுவல் பின்பக்கமாகத்தான் தெரியும் என்பதால் நேர்ப்படம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நேர்ப்படத்தில் கழுத்தின் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தால் அது பந்தின் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போக வேண்டும். க்ளைன் கோடு என்று இதற்குப் பெயர். வெட்டவே இல்லையென்றால் நழுவல் நிச்சயம். வெட்டினாலும், கோட்டுக்கு வெளியே இருக்கும் பந்தின் அகலம் மறுபக்கத்தைவிட 2 மி.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். பிள்ளையால் காலை ஊன்றவே முடியவில்லை என்றால் தவளை நிலைப் படம் கூடாது. அந்த விரிப்பே மீதியையும் நழுவவிட்டுவிடும். பக்கவாட்டுப் படத்தைக் காலை அசைக்காமல் குறுக்காக எடுக்கச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு நழுவியிருக்கிறது என்பதைப் பக்கவாட்டுப் படத்தில், பந்துக்கும் தொடை எலும்பின் தண்டுக்கும் இடையிலான சவுத்விக் கோணமாக அளப்பார்கள். நல்ல பக்கத்துக் கோணத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் நழுவியிருந்தால் 12 டிகிரியைக் கழிப்பது வழக்கம். 30-க்குள் லேசானது, 30 முதல் 50 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

ரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் ஒன்றுபோல வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை பத்து வயதுக்குக் கீழ், பதினாறுக்கு மேல், ஒல்லி, அல்லது வயதுக்கு மிகக் குட்டை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. தைராய்டு, சிறுநீரகம், கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி எல்லாம் பார்த்தாக வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளைக்கும் இந்த ஆபத்து உண்டு. நம் ஊரில் வைட்டமின் டியை நான் எல்லோருக்கும் பார்க்கச் சொல்வேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட 15 நோயாளிகள் பற்றிய கட்டுரை இந்தக் குறைபாட்டையும் ஸ்லிப்பையும் சேர்த்தே பேசுகிறது. மேலை நாட்டுப் பாடநூல் சொல்லும் குண்டுப் பையனை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இங்கே ஒல்லிப் பிள்ளைகளைத் தவறவிடுவோம்.

படம் பார்த்த நிமிடத்திலிருந்து

எக்ஸ்ரேயில் ஸ்லிப் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளை இன்னோர் அடி நடக்கக் கூடாது. எக்ஸ்ரே அறையிலிருந்தே சக்கர நாற்காலி. ‘ஊருக்குப் போய்த் துணிமணி எடுத்துட்டு நாளைக்கு அட்மிட் ஆயிக்கிறோம்’ என்பதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. பஸ் படிக்கட்டில் கால் ஒருமுறை தடுக்கினால் போதும், ஒரு ஸ்க்ரூவோடு முடிகிற வேலை ஆயுளுக்கும் தொடரும் பிரச்சினையாகிவிடும். எண்ணெய் போட்டு உருவுவது, காலை இழுத்துக் கட்டுவது இரண்டுமே இந்த நோயில் நேரடி ஆபத்து. காரணம் மேலே சொன்ன அதே ரத்தக் குழாய்கள்தான்.

அடுத்த கேள்வி: நிலையானதா, நிலையற்றதா? 1993-இல் எலும்பு மருத்துவர் லோடரும் அவருடைய குழுவினரும் எளிமையாகப் பிரித்தார்கள். அக்குள் கட்டையின் உதவியோடாவது காலை ஊன்ற முடிந்தால் நிலையானது. கட்டை கொடுத்தாலும் ஊன்ற முடியவில்லையென்றால் நிலையற்றது. அவர்களுடைய தொகுப்பில் நிலையற்ற 30 இடுப்புகளில் 14-இல் பந்து செத்துப்போனது, அதாவது 47 சதவீதம். நிலையான 25-இல் ஒன்றுகூட இல்லை. பின்னால் வந்த தொகுப்புகளில் முதல் எண் குறைந்திருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. எத்தனை டிகிரி நழுவியது என்பதைவிட, ஊன்ற முடிகிறதா என்பதே பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்கிறது.

ஒரு ஸ்க்ரூ போடுவது எப்படி

நிலையான ஸ்லிப்புக்கு உலகம் முழுக்க முதல் சிகிச்சை, இருந்த இடத்திலேயே ஒரு ஸ்க்ரூ. நடுவில் துளையுள்ள, 6.5 அல்லது 7.3 மி.மீ. விட்டமுள்ள ஸ்க்ரூ. முதலில் மெல்லிய கைடு வயரை எலும்புக்குள் செலுத்தி, அது சரியான இடத்தில் நின்ற பிறகு அதன் மேலேயே ட்ரில்லும் ஸ்க்ரூவும் போகும். 7.3 ஸ்க்ரூவுக்கு வழக்கமாக 2.8 மி.மீ. வயர். தோலில் கிழிப்பது ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். சின்னக் கிழிப்பு என்பதால் சின்ன வேலை என்று நினைத்துவிடக் கூடாது.

பிள்ளை மல்லாக்கப் படுத்திருக்கும். காலைக் கட்டி இழுக்கும் வசதியுள்ள ஃப்ராக்சர் டேபிளில் போட்டால் காலை இழுக்கக் கூடாது. சும்மா தாங்கிப் பிடிக்க மட்டும்தான் அது. சி-ஆர்ம் என்கிற நேரலை எக்ஸ்ரே எந்திரத்தில் நேர்ப்படமும் பக்கவாட்டுப் படமும் பந்தின் விளிம்பு தெளிவாகத் தெரியும்படி வருகிறதா என்று துணி போர்த்துவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கனமான உடம்பில் பக்கவாட்டுப் படம் மங்கலாகத்தான் வரும். போர்த்திய பிறகு அதோடு போராடுவது வீண்.

இனி கைடு வயரை எடுத்துத் தொடையின் தோல்மேல் கிடத்துங்கள். சி-ஆர்மில் பார்த்தபடி, வயரின் நிழல் பந்தின் நடுவையும் வளர்ச்சித் தட்டுக்குச் செங்குத்தான திசையையும் ஒட்டி வரும்வரை நகர்த்தி, தோலில் பேனாவால் கோடு போடுங்கள். பக்கவாட்டுப் படத்திலும் இதேபோல இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் தோலில் நுழைய வேண்டிய இடம். லேசான ஸ்லிப்பில் அது தொடையின் வெளிப்பக்கமாக இருக்கும். நழுவல் அதிகமாக ஆக முன்பக்கம் ஏறிக்கொண்டே போகும். கழுத்தோடு ஒப்பிட்டால் பந்து பின்னால் இருக்கிறது. அதன் நடுவைப் பிடிக்க வேண்டும் என்றால் கழுத்தின் முன்பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். இடுப்பு எலும்பு முறிவுக்குப் பழகிய கை தானாகவே வெளிப்பக்கத்திலிருந்து போகப் பார்க்கும். அப்படிப் போன வயர் கழுத்தின் பின்பக்கத்தில் வெளியே வந்து, ரத்தக் குழாய்கள் இருக்கும் இடத்தைக் கடந்து மறுபடி பந்துக்குள் நுழையும். எக்ஸ்ரேயில் பார்க்க ஒன்றும் தப்பாகத் தெரியாது. பந்துக்குள்ளும், அதை நான்காகப் பிரித்தால் மேல்-பின் பங்கு விலக்கப்பட்ட இடம்; குழாய்கள் நுழைவது அங்கேதான்.

நுழைவிடம், கழுத்துக்குக் கீழே தொடை எலும்பின் உட்பக்கம் துருத்தும் சிறு எலும்பு முனைப்புக்குக் கீழே போகவே கூடாது. அந்த மட்டத்தில் துளை போட்டால் சில வாரங்களில் அதன் வழியாகவே தொடை எலும்பு முறியலாம். வயரைப் பலமுறை குத்திக் குத்தி எடுத்த காலித் துளைகளும் அதே வேலையைச் செய்யும். எதிர்ப்பக்கம், கழுத்தில் மிகவும் முன்னாலும் உள்ளேயும் நுழைந்தால் ஸ்க்ரூ தலை துருத்திக்கொண்டு, உட்காரும்போது கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். கடுமையான ஸ்லிப்பில் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே கிடைக்கும் இடம் மிகக் குறைவு. முதல் வயரிலேயே சரியாகப் போக வேண்டும் என்று அவசரப்படாமல் தோல்மேல் கோடு போடுவதில் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழிப்பது இதற்காகத்தான்.

வயர் நின்ற பிறகு ட்ரில் செய்யும்போது இன்னொரு கண்ணி உண்டு. எலும்புத்தூள் அடைத்தோ, வயர் சற்றே வளைந்தோ இருந்தால் ட்ரில் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளும். மூட்டைத் தாண்டி இடுப்புக்குள் போய்விடவும் கூடும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சி-ஆர்மில் வயரின் நுனியைப் பார்க்க வேண்டும். ட்ரில்லை வெளியே எடுத்து அடிக்கடி துடைக்க வேண்டும். ட்ரில்லைக் கழற்றும்போது வயரும் கூடவே வந்துவிடாமல், பின்னாலிருந்து இன்னொரு வயரால் அழுத்திப் பிடித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ஸ்க்ரூ எவ்வளவு உள்ளே போக வேண்டும்? வளர்ச்சித் தட்டைத் தாண்டிப் பந்துக்குள் ஐந்து மரைகளாவது பிடிக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஸ்க்ரூ இருக்கும்போதே நழுவல் தொடர்ந்துவிடும். அதே நேரம் ஸ்க்ரூவின் நுனிக்கும் பந்தின் விளிம்புக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. எலும்பு மிச்சம் இருக்க வேண்டும். இந்த இரண்டு கணக்கும் சேர்ந்து ஒத்துவருவதற்கு வயர் பந்தின் மையத்தில், தட்டுக்குச் செங்குத்தாகப் போயிருக்க வேண்டும். ஓரமாகப் போன ஸ்க்ரூவில் ஐந்து மரையும் கிடைக்காது, 5 மி.மீ.யும் கிடைக்காது.

நுனி வெளியே வந்துவிட்டதா என்று இரண்டு படம் எடுத்துப் பார்த்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. ஓர் எலுமிச்சம்பழத்தில் ஊசியைச் சாய்வாகக் குத்தி, நுனி மறுபக்கம் லேசாக எட்டிப்பார்க்கும்படி விடுங்கள். முன்னாலிருந்து விளக்கடித்தும் பக்கத்திலிருந்து விளக்கடித்தும் சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். இரண்டு நிழலிலும் ஊசி பழத்துக்குள்ளேயே இருப்பதுபோல் தெரியும். உருண்டையின் நிழல் அப்படித்தான் ஏமாற்றும். ஆகவே ஸ்க்ரூ போட்ட பிறகு சி-ஆர்மைத் தொடர்ந்து ஓடவிட்டுக் காலை உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் திருப்பிக்கொண்டே திரையைப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ நுனி பந்தின் விளிம்பை நோக்கி நெருங்கிவரும், ஒரு கட்டத்தில் நின்று, பிறகு பின்வாங்கும். திரும்பும் அந்தக் கணத்தில் தெரிகிற இடைவெளிதான் உண்மையான இடைவெளி. சந்தேகம் இருந்தால் ஸ்க்ரூவின் துளை வழியாகக் கொஞ்சம் சாய மருந்து செலுத்திப் பார்க்கலாம். மூட்டுக்குள் பரவினால் நுனி வெளியே இருக்கிறது என்று பொருள். வயர் ஒரு தடவை மூட்டைத் தொட்டுவிட்டு உடனே பின்வாங்கினால் பெரும்பாலும் கெடுதல் வராது. வெளியே நீட்டியபடி விட்டுவிட்ட ஸ்க்ரூதான் குருத்தெலும்பை அரித்து மூட்டையே இறுக்கிவிடும்.

இரண்டு ஸ்க்ரூ போட்டால் இரண்டு மடங்கு உறுதி கிடைக்காதா என்று பெற்றோர் கேட்பார்கள். கிடைக்காது. உறுதி கொஞ்சம்தான் கூடும், நுனி வெளியே வருவதற்கான வாய்ப்பு அதைவிட வேகமாகக் கூடும். நிலையான ஸ்லிப்பில் மையத்தில் போன ஒரு ஸ்க்ரூவே போதும். ஸ்டீலா, டைட்டானியமா என்றால் ஸ்டீல் பக்கம்தான் சாய்வேன். டைட்டானியத்தின் மேல் எலும்பு ஒட்டி வளர்ந்துவிடும். பிற்காலத்தில் கழற்ற நேர்ந்தால் ஸ்க்ரூ தலை தேய்ந்துபோகும், சில நேரம் ஒடியும். முழுவதும் மரையுள்ள ஸ்க்ரூவைக் கழற்றுவது எளிது. நுனியில் மட்டும் மரை இருந்தால், வழவழப்பான தண்டைச் சுற்றி எலும்பு மூடிக்கொண்டு மரையைப் பின்னோக்கி வரவிடாது. பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு மட்டும் கணக்கு வேறு: இன்னும் பல வருட வளர்ச்சி பாக்கி என்பதால், தட்டை மூடிவிடாமல் வளரவிடும் வகை ஸ்க்ரூ கிடைத்தால் அதுவே நல்லது.

ஊன்ற முடியாத கால்

நிலையற்ற ஸ்லிப் அவசர கேஸ். முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் தியேட்டருக்குப் போய்விட வேண்டும் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். அதைத் தாண்டி வந்தால் உடனே செய்வதா, ஒரு வாரம் படுக்கையில் வைத்துவிட்டுச் செய்வதா என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை.

இங்கே எலும்பு முறிந்ததுபோலத்தான் நிலைமை. மூட்டு உறைக்குள் ரத்தம் கட்டி அழுத்தம் ஏறியிருக்கும். அளந்து பார்த்த ஓர் ஆய்வில் நல்ல பக்கத்தில் சராசரி 23 மி.மீ. பாதரசம், நழுவிய பக்கத்தில் 48, எலும்பை இடத்துக்குக் கொண்டுவர முயன்ற பிறகு 75. நசுங்கிய குழாய்களுக்கு மேல் இப்படி ஓர் அழுத்தம் இருந்தால் பந்துக்குள் ரத்தம் எப்படிப் போகும்? அதனால் மூட்டு உறையைத் திறந்து ரத்தத்தை வெளியேற்றுவது இந்த வகையில் அவசியம் என்றே நினைக்கிறேன். சின்னக் கிழிப்பின் வழியாகவும் செய்யலாம்.

எலும்பை எவ்வளவு திருப்பலாம்? மேசையில் படுக்க வைத்துக் காலை மெல்ல உட்பக்கம் திருப்பும்போதே ஓரளவு தானாகத் திரும்பிவிடும். அதோடு நிறுத்திக்கொள்வதுதான் பத்திரம். திடீரென்று நழுவிய பங்கு மட்டும்தான் திரும்பலாம். அதற்கு முன் மாதக்கணக்கில் நழுவியிருந்த பங்கைத் தொடக் கூடாது. ஜெர்மனியில் பார்ஷ் பரவலாக்கிய முறையில், மூட்டை முன்பக்கம் திறந்து, கழுத்தின்மேல் விரலை வைத்து உணர்ந்துகொண்டே மெல்ல நகர்த்துவார்கள். விரலுக்குத் தெரிகிற எதிர்ப்பு ஃப்ராக்சர் டேபிளுக்குத் தெரியாது. பந்து ஆடிக்கொண்டிருப்பதால் ஸ்க்ரூ திருகும்போது அதுவும் சேர்ந்து சுழலும்; முதலில் இன்னொரு வயரால் அதைப் பிடித்துவைக்க வேண்டும். நிலையற்ற ஸ்லிப்பில் இரண்டு ஸ்க்ரூவுக்கு நியாயம் இருக்கிறது.

இதற்கும் மேலே ஒரு பெரிய அறுவை சிகிச்சை உண்டு. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கான்ஸ் குழுவினர் ரத்தக் குழாயைக் காப்பாற்றியபடி பந்தைக் கிண்ணத்திலிருந்து விலக்கும் முறையை 2001-இல் விவரித்தார்கள். அதன் அடிப்படையில் வந்ததுதான் மாற்றியமைக்கப்பட்ட டன் முறை. தொடை எலும்பின் வெளிப்பக்கம் உள்ள பெரு எலும்பு முனைப்பைத் தசைகளோடு சேர்த்து வெட்டிப் புரட்டி, உறையை இசட் வடிவில் திறந்து, பந்தைத் தற்காலிக வயரால் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்கிறார்கள். கழுத்தின் பின்னால் குழாய்கள் ஓடும் உறைத்தோலை எலும்பிலிருந்து உரித்துத் தளர்த்தி, புதிதாக முளைத்த எலும்பைச் செதுக்கி, கழுத்தைச் சற்றுக் குட்டையாக்கிய பிறகே பந்தை அதன்மேல் இழுவிசையின்றி உட்கார வைக்கிறார்கள். பந்தில் 2 மி.மீ. துளை போட்டு ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது ஒவ்வொரு கட்டத்திலும் நடக்கும். கசிவு நின்றால் உடனே பந்தைத் தளர்த்தி, குழாய் எங்கே இழுபடுகிறது என்று தேட வேண்டும்.

இது அபாரமான வேலை. ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு செய்கிறவர்கள் கையில் இதன் முடிவுகள் மோசமாகவே இருக்கின்றன. நிலையற்ற, கடுமையான ஸ்லிப்புக்கு, இதை அடிக்கடி செய்யும் மையத்தில் செய்யலாம். நிலையான ஸ்லிப்புக்கு, எக்ஸ்ரே நேராக வர வேண்டும் என்பதற்காக இதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏ.வி.என். வாய்ப்பு ஏறக்குறைய இல்லாத ஒரு மூட்டுக்கு அந்த வாய்ப்பை நாமே கொண்டுவந்து வைப்பதாகும் அது.

சாய்ந்தபடியே நின்ற கழுத்து

அப்படியே விட்டால் கோணல் கோணலாகவே இருக்குமே? இருக்கும். கழுத்தின் முன்பக்க முனை, மடக்கும்போது கிண்ண விளிம்பில் இடிக்கும். லேசான ஸ்லிப்பில் எலும்பு தானே ஓரளவு வழுவழுப்பாகிக்கொள்ளும். மற்றவர்களுக்கு வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு, நிதானமாக, தேவையைப் பார்த்துச் செய்யலாம். இடிக்கும் மேடு மட்டும் பிரச்சினை என்றால் ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளையில் கேமரா விட்டுச் செய்வது) வழியாகவோ திறந்தோ செதுக்கிவிடலாம். கோணலே பெரிது என்றால் பந்திலிருந்து தள்ளிக் கீழே, முனைப்புகளுக்கு நடுவில் எலும்பை வெட்டி, காலை முன்னோக்கி மடக்கியும் உட்பக்கம் திருப்பியும் பிளேட் போட்டு நிறுத்துவது இம்ஹாய்சர் முறை. வெட்டும் இடம் பந்தின் ரத்தக் குழாய்களிலிருந்து தள்ளியிருப்பதுதான் இதன் பலம். கோணலைக் கோணல் இருக்கிற இடத்தில் சரிசெய்வதில்லை என்பது குறை. இந்த விலைக்கு அது நியாயமான பேரம்தான்.

மறுபக்கம்

ஒரு பக்கம் நழுவிய பிள்ளைகளில் 20 முதல் 40 சதவீதம் பேருக்கு மறுபக்கமும் நழுவலாம் என்று தொகுப்புகள் சொல்கின்றன. அப்படி நழுவுவதில் பெரும்பகுதி முதல் 18 மாதங்களுக்குள். நல்ல பக்கத்துக்கும் முன்கூட்டியே ஸ்க்ரூ போடுவதா என்பதில் ஊருக்கு ஊர் கருத்து மாறும். பத்து வயதுக்குக் கீழ், தைராய்டு அல்லது சிறுநீரகப் பிரச்சினை, கிண்ணத்தின் ஒய் வடிவ வளர்ச்சித் தட்டு இன்னும் திறந்திருப்பது என்றால் போட்டுவிடலாம். நம் நிலைமையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேக்கு வர முடியாத தூரம். நூறு கிலோமீட்டர் தள்ளி, கூலி வேலையை விட்டுவிட்டு வர வேண்டிய குடும்பத்திடம் ‘கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்புவது சிகிச்சைத் திட்டமாகாது. ஆனால் நல்ல பக்கத்து ஸ்க்ரூவும் ஆபத்தே இல்லாதது அன்று. சீழ், எலும்பு முறிவு, அபூர்வமாக ஏ.வி.என். உண்டு. பெற்றோருக்கு இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு

நிலையான ஸ்லிப்பில் மறுநாளே அக்குள் கட்டையோடு நடக்கவிடலாம். பாதி எடையை மட்டும் ஊன்றி 4 முதல் 6 வாரம். நிலையற்றதில் 6 முதல் 8 வாரம் கால் தரையில் எடை வாங்கக் கூடாது. தையல் பிரிப்பது 10 முதல் 14 நாளில். தரைக் கழிப்பறை, பாயில் உட்கார்ந்து எழுவது, மாடிப்படி, சைக்கிள் எல்லாம் அந்தக் காலத்தில் வேண்டாம். மேற்கத்திய கழிப்பறை இல்லாத வீட்டில் கமோடு நாற்காலி ஒன்றை ஆப்பரேஷனுக்கு முன்பே வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வைத்துவிடுங்கள். தட்டு மூடும்வரை ஓட்டம், தாவல், பள்ளி விளையாட்டு கிடையாது. ஸ்க்ரூ போட்ட பிறகு தட்டு மூடுவதற்கு வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

வலி, ஸ்க்ரூ போட்ட சில நாட்களிலேயே தெளிவாகக் குறைய வேண்டும். குறைந்துவிட்டு மறுபடி ஏறினால், அல்லது மூட்டு நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனால், அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். ஸ்க்ரூ நுனி வெளியே வந்திருக்கலாம், குருத்தெலும்பு அரிக்கலாம், பந்து உயிரிழந்துகொண்டிருக்கலாம். மூட்டு இடைவெளி 3 மி.மீ.க்குக் கீழ் வந்துவிட்டால் குருத்தெலும்பு அரிப்பு என்றே கொள்ள வேண்டும். ஏ.வி.என். எக்ஸ்ரேயில் தெரியச் சில மாதங்கள் பிடிக்கும், இரண்டு வருடம்வரை கண்காணிப்பு வேண்டும். பிறகு எடுக்கும் ஒவ்வோர் எக்ஸ்ரேயிலும் இரண்டு இடுப்பும் இருக்கட்டும். மறுபக்கத்து முட்டி வலி என்று பிள்ளை சொன்னால் அன்றே வந்துவிட வேண்டும்.

தட்டு மூடிய பிறகும் ஸ்க்ரூவை வழக்கமாகக் கழற்றத் தேவையில்லை. தொந்தரவு தராத ஸ்க்ரூவைத் தேடிப் போய்க் கழற்றும்போதுதான் தொந்தரவு வரும். ஆனால் என்றைக்காவது, முப்பது வருடம் கழித்து மூட்டு மாற்றச் செல்லும்போதாவது, யாரோ ஒருவர் அதைக் கழற்ற வேண்டிவரலாம். அவருக்கு எந்த ஸ்க்ரூடிரைவரை எடுப்பது என்று தெரிய வேண்டும். ஸ்க்ரூ பெட்டியில் நிறுவனம், விட்டம், நீளம், உலோகம் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்று ஆஸ்பத்திரி ஃபைலுக்குப் போகும். இன்னொன்றைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கத்தில் ஒட்டி, போன் கேமராவில் ஒரு படமும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த மை பத்து வருடத்தில் அழிந்துவிடும்.